கல்குழிப் பிரிவில் நட்ட பலகை

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த மலை மடத்தில் மாணவர் கூடல் நடக்கும். ஐந்து ஊர்ப் பாடசாலைகளிலிருந்து முந்நூறு பேருக்கு மேல் ஆற்றங்கரையில் சேர்ந்து, விடிந்ததும் மேளம் கொட்டிக்கொண்டு காட்டு வழியாக ஏறி வருவார்கள். எல்லாரும் மலைக்குப் புதியவர்கள். அது பனிமூட்டக் காலம்.

வழிகாட்டிப் பலகை வைக்கும் வேலையைக் குரு இரண்டு சீடர்களிடம் கொடுத்திருந்தார். நன்னன் பலகையில் மடத்தின் பெயர் எழுதி அம்புக்குறி வரைய வேண்டும். தாண்டவன் அதைக் கொண்டுபோய்க் கடப்பாரையால் குழி தோண்டி நட வேண்டும். மொத்தம் இருபத்தொரு பலகை.

கூடல் அன்று காலையில் தாண்டவன் குருவின் முன் வந்து நின்றான். ஐம்பது வயது ஆள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேள்."

"ஒரு வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். அதில் பிழை வந்தால், அது யாருடைய பிழை?"

குரு அவன் கையைப் பார்த்தார்.

"தூங்கவில்லையா?"

"ஆட்டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது."

போன வருடம் மடத்து ஆடு ஒன்று பழைய கல்குழியில் விழுந்துவிட்டது. மூன்று பனைமர ஆழம், அடியில் தண்ணீர். யாராலும் இறங்க முடியவில்லை. ஆடு இரண்டு நாள் கத்தியது. மூன்றாம் நாள் கத்தவில்லை.

"வா," என்றார் குரு. "பிள்ளைகள் வருவதற்குள் ஒருமுறை வழியைப் பார்த்துவிடலாம். கீழே போய், அவர்கள் ஏறுவது போலவே ஏறுவோம்."

குறுக்குப் படிகளில் இறங்கி, பாதைக்கு வந்தார்கள். பனியில் பாதை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. முன்னால் போன குருவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் ஒவ்வொரு பலகைக்கும் நின்றார். கண்ணைச் சுருக்கி அம்புக்குறியைப் பார்த்தார். அது காட்டிய பக்கம் நடந்தார். முப்பது வருடம் நடந்த மலையில் நேற்று வந்தவர் போல நடந்தார்.

ஒரு பலகையின் காலை ஊன்றுகோலால் தட்டினார்.

"நன்றாக நட்டிருக்கிறாய்."

"நான் நட்டதை யானை வந்தாலும் அசைக்காது, ஐயா."

சொன்ன பிறகு தாண்டவன் இரண்டடி பின்தங்கி நடந்தான்.

பதினேழாவது பலகையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் மடம். இடப்பக்கம் கல்குழி. அம்பு இடப்பக்கம் காட்டியது.

நன்னன் எப்போதும் இந்தப் பாதையில் மடத்திலிருந்து இறங்கிப் போய், குறுக்குப் படிகளில் திரும்புகிறவன். இறங்கும்போது கல்குழி வலக்கைப் பக்கம் இருக்கும். அந்த நினைப்பிலேயே அம்பை மறுபக்கம், இடக்கைப் பக்கம், வரைந்துவிட்டான். ஏறி வருகிறவனுக்கு அதுவே குழிக்கு வழி. நேற்று மாலை பலகையைக் கையில் எடுத்ததுமே தாண்டவனுக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்துதான் நட்டான். கால் அசையாதபடி சுற்றிலும் கல் வைத்து இடித்து நட்டான்.

குரு இடப்பக்கம் திரும்பினார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்கள்."

"ஏன்? பலகை இந்தப் பக்கம்தானே காட்டுகிறது. நீதானே நட்டாய்?"

"நட்டது நான். வரைந்தது நன்னன்."

"சரி," என்று குரு நடந்தார்.

தாண்டவன் பின்னால் ஓடினான்.

"அவன் வரைந்தது தப்பு, ஐயா. ஏறி வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று அவன் யோசிக்கவே இல்லை."

"சரி."

நடை நிற்கவில்லை.

"என்னை நட மட்டும்தான் சொன்னீர்கள். சரிபார்க்கச் சொல்லவில்லை."

"ஆமாம், சொல்லவில்லை."

"போன கூடலில் அவனிடம் ஓர் எழுத்து கோணலாக இருக்கிறது என்றேன். 'கடப்பாரைக்கு எதற்கு எழுத்து' என்றான், அத்தனை பேர் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்."

"சிரித்தேன்," என்றார் குரு. நடந்துகொண்டே சொன்னார்.

புல் முடிந்து பாறை தொடங்கியது. ஊன்றுகோல் பட்டு ஒரு கல் உருண்டு போனது. சத்தம் வரவில்லை. மூச்சு விட்டு வாங்கிய பிறகுதான் கீழே எங்கோ தண்ணீரில் விழுந்தது.

குரு அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினார்.

தாண்டவன் பாய்ந்து முன்னால் போய் அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டான். குழி இப்போது அவன் குதிகாலுக்குப் பின்னால் இருந்தது.

"நான் பார்த்தேன், ஐயா. பார்த்துவிட்டுத்தான் நட்டேன்."

குரு நின்றார்.

ஆற்றங்கரைப் பக்கமிருந்து மேளச் சத்தம் கேட்டது.

தாண்டவன் பிரிவுக்கு ஓடினான். அங்கே நன்னன் பலகையின் காலைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். மேலே துணி இல்லை. படுக்கையிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறான்.

"அண்ணே, இதைத் தப்பாக வரைந்துவிட்டேன். கண் விழித்ததும்தான் நினைவு வந்தது. நடும்போது நீங்கள் பார்த்துத் திருத்தியிருப்பீர்கள் என்று நினைத்தேன். இருந்தாலும் ஓடிவந்தேன்."

"பார்த்தேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"கடப்பாரைக்கு எதற்கு எழுத்து?"

"என்ன அண்ணே?"

"நீ சொன்னதுதான்."

"நானா? எப்போது?"

தாண்டவன் அவன் முகத்தைப் பார்த்தான். மூன்று வருடமாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் நினைத்த சொல் அது. சொன்னவனுக்கு அது நினைவில் இல்லை.

மேளம் நெருங்கிவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். பலகை அசையவில்லை. கடப்பாரை மடத்தில் இருந்தது.

"இப்படியா நடுவீர்கள்?" என்றான் நன்னன்.

பனிக்குள் முதல் தலைகள் தெரிந்தன. இருவரும் இடப்பக்கப் பாதையின் வாயை அடைத்துத் தோளோடு தோள் ஒட்டி நின்று, வலப்பக்கம் கையை நீட்டினார்கள்.

"பலகை ஒரு பக்கம் காட்டுகிறது, ஆட்கள் ஒரு பக்கம் காட்டுகிறார்கள்," என்றான் முன்னால் வந்த மாணவன். "எதைடா நம்புவது?"

"எது நடுங்குகிறதோ அதை நம்பு," என்றான் அடுத்தவன்.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே வலப்பக்கம் திரும்பியது. தாண்டவன் சிரிப்பைக் கவனிக்கவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். கை மரத்துப்போனது. இறக்கவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது ஆள் போன பிறகு மேளம் மேலே எங்கோ கேட்டது. அப்போது குரு பனிக்குள்ளிருந்து வந்து, அவர்களைச் சுற்றிக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றார்.

தாண்டவன் அப்போதுதான் கையை இறக்கினான்.

"ஐயா, நீங்கள் பதில் சொல்லவில்லை. பிழை யாருடையது?"

குரு அம்புக்குறியைப் பார்த்தார். ஊன்றுகோலை எடுத்து, இடப்பக்கம் திரும்பி, அவர்கள் இருவருக்கும் நேராக வந்தார்.

"பிழை யாருடையது என்று இன்னும் கேட்கிறாயானால், நகர்ந்துகொள். பலகை காட்டிய வழியில் நான் பாதிதான் போயிருக்கிறேன்."

தாண்டவன் நகரவில்லை. நன்னனும் நகரவில்லை.