அரசர் முகத்தைக் கடித்தவள்

நுரைப்பட்டினத்தில் அதுவரை யானை பொறித்த வெள்ளிக்காசுதான் ஓடியது. காசு கைக்கு வந்ததும் கடைக்காரர்கள் ஒரு கடி கடித்துப் பார்ப்பார்கள். ஈயம் என்றால் பல் பதியும், வெள்ளி என்றால் பதியாது. கடிபட்டதற்காக எந்த யானையும் கோபித்துக்கொள்ளவில்லை.

அரசர் வேழவர்மருக்குத்தான் ஆசை வந்தது. யானையை எடுத்துவிட்டுத் தன் முகத்தைப் பொறிக்கச் சொன்னார். மீசை முறுக்கோடு நல்லாத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். கருவூல அதிகாரி கண்டராதர் விடவில்லை. காக்காய் பிடிப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

"பிரபு, காசில் இருப்பது வெறும் சித்திரமா? சாட்சாத் தாங்களே அல்லவா! தங்களைப் போய்க் கண்டவன் எல்லாம் கடிப்பதா?"

அரசருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே பறை அறைந்தார்கள். காசில் இருக்கும் அரசரை யார் எந்த உறுப்பால் அவமதித்தாலும் அந்த உறுப்பு போகும். அவ்வளவுதான் சட்டம்.

சந்தை படுத்துவிட்டது. கடிக்காமல் எவன் காசு வாங்குவான்? குதிரை கொண்டுவந்த கப்பல்காரர்கள் குதிரையோடே திரும்பிப் போனார்கள். மிளகு மூட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. மீன்காரி உலகாயி மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு புதுக் காசை வாயில் வைத்துக் கடித்துவிட்டாள். பக்கத்திலேயே காவலாள் நின்றிருந்தான்.

சபைக்கு இழுத்து வந்தார்கள். வைத்தியர் குறடோடு வந்து நின்றார்.

"சாமி, முன்பல்லு போச்சுன்னா நான் எப்படிக் கூவி விப்பேன்? வஞ்சிரம்னு சொன்னா வெறும் காத்துதானே வரும்!" என்று அழுதாள் உலகாயி.

சபையில் நக்கன் என்று ஒருவன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டுக்கு மீன் கொடுப்பவளும் அவள்தான்.

அரசர் அவனைப் பார்த்தார். "எனக்கும் மனசு வரவில்லை நக்கா. ஆனால் பறை அறைந்து சொன்னதை நானே மாற்றினால் எவன் என்னை மதிப்பான்? சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. இவள் பல்லும் போகக் கூடாது. முடியுமா?"

"முடியாவிட்டால் இவன் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடலாம் பிரபு," என்றார் கண்டராதர். "பேசிப் பேசித் தேய்ந்த பல்தானே!"

நக்கன் கண்டராதர் பக்கம் திரும்பினான்.

"ஐயா, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே?"

"எல்லாருக்கும்!"

"பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும்?"

"என்னைப் பெற்ற தகப்பனே ஆனாலும் சரி. தயவு தாட்சண்யம் கிடையாது."

"நல்லது. கடிபட்ட காசை முதலில் பார்த்துவிடுவோம். எங்கே இருக்கிறது?"

"கருவூலப் பெட்டியில், பத்திரமாக."

"எடுங்கள்."

நுரைப்பட்டினத்தில் ஒரு வழக்கம். கருவூல அதிகாரிக்குச் சபையில் தனி ஆசனம் கிடையாது. பெட்டிதான் ஆசனம். அவர் எழுந்தால்தான் பெட்டி திறக்கும், திருட்டுப் போகாது. கண்டராதர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே வாய்வரைக்கும் புதுக் காசு. மீசையோடு அத்தனை அரசர்களும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள்.

நக்கன் எட்டிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தான்.

"ஐயையோ பிரபு! தாங்கள் இதற்குள்ளேயா இருக்கிறீர்கள்?"

"என்னடா உளறுகிறாய்?"

"உலகாயி தங்களை ஒரே ஒரு தடவைதான், அதுவும் லேசாகக் கடித்தாள். ஐயா பொழுது விடிந்து பொழுது போனால் தங்கள் முகத்தின் மேலேயே…" சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வைத்தியர் பக்கம் திரும்பினான். "வைத்தியரே, ஐயா அவமதித்த உறுப்புக்கு இந்தக் குறடு எப்படிப் பற்றும்? வீட்டுக்குப் போய் ரம்பத்தை எடுத்து வாருங்கள்."

கண்டராதரின் கை இரண்டும் தானாகப் பின்பக்கம் போயின.

"பிரபு! காசு வேறு, தாங்கள் வேறு! அது சித்திரம்! வெறும் சித்திரம்!"

"சாட்சாத் நானே என்றாயே?"

"இல்லவே இல்லை பிரபு! மூக்குகூடத் தங்கள் ஜாடை இல்லை!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. "சட்டம் அப்படியே இருக்கட்டும். காசில் நான் இல்லை என்று இவரே சொல்லிவிட்டார். இல்லாதவனை எவன் கடிக்க முடியும்? உலகாயி, நீ போய் வியாபாரத்தைப் பார்."

நக்கனுக்கு இரண்டு கை நிறையக் காசு கிடைத்தது. அன்று மாலை பெரிய வஞ்சிரம் ஒன்றும் வீடு தேடி வந்தது.

கண்டராதருக்கு மெத்தை போட்ட புது நாற்காலி செய்து கொடுத்தார்கள். தினமும் மெத்தையைத் தூக்கி, அடியில் அரசர் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் உட்காருவார்.