ஆவுடையப்பன் ஓய்வெடுத்த லட்சணம்

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலையாகவே கன்னியாகுமரிக்கு மிதித்துக்கொண்டிருந்த எங்கள் அம்பாசமுத்திரத்துச் சைக்கிள் கோஷ்டிக்கு, கடைசி நாளுக்கு முந்தின நாள் திருச்செந்தூரில் ஓய்வு. எங்கள் தலைவர் எட்வின் ஜெபசிங், ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். ஓய்வு நாளில் ஊர் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் பஸ்ஸில் போக வேண்டும். அன்றைக்குப் பெடலை மிதித்தவன் மறுநாள் சாமான் வேனில்தான் வருவான்.

காலையில் நாங்கள் எல்லோரும் பஸ் ஏறி மணப்பாடு பார்க்கப் போனோம். உரக்கடை ஆவுடையப்பன் மட்டும் வரவில்லை. நாங்கள் தங்கியிருந்த மண்டபத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மறுநாள்தான் அவருக்குப் பெரிய நாள். வழியில் அஞ்சுகிராமம் அவருடைய மாமனார் ஊர். “அத்தான் மரக்காணம் தாண்ட மாட்டாவ” என்று மச்சினன் சொல்லியிருந்தான். மனுஷன் மரக்காணம் என்ன, வேதாரண்யம், ராமநாதபுரம் எல்லாம் நிஜமாகவே மிதித்துத் தாண்டிவிட்டார். ஊர் எல்லையில் மேளமும் மாலையுமாக மாமனார் வீட்டார் நிற்கப் போவதாகப் போன் வந்திருந்தது. கொடி கட்டிய முதல் சைக்கிளை அவருக்கே தருவதாக டிரில் மாஸ்டரும் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

சாயங்காலம் மண்டபத்து வாசலில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தையல்கடை ரஞ்சிதம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அண்ணாச்சி, மணப்பாட்டை நீங்க பாக்காம விட்டுட்டீங்களே. கடல் மேலயே குன்று!”

“யாரு பாக்கலை?” என்றார் ஆவுடையப்பன். “காலையில முழிக்கேன், ரெண்டு காலும் படுத்த வாக்குல பெடல் போடுது. பத்து நாளு மிதிச்ச காலுல்லா, சொன்னா கேக்குமா? போர்வை பூரா கெண்டைக்கால்ல சுத்திக்கிட்டு. சரி, கடல்ல முங்குனா அடங்கும்னு இறங்குனேன். ஒரு முங்கு முங்கி எந்திச்சா, எதிர்ல நிக்கவன் சிங்களத்துல பேசுதான்.”

“உங்களுக்கு நீச்சலே தெரியாதே.”

“நீச்சல் எதுக்கும்மா? மிதிச்சேன்.”

நான் காப்பியைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“திரும்பி வந்தும் கால் நிக்கல. சும்மா ஓடுதது எதுக்கு வீணாப் போகணும், சைக்கிளை எடுத்து காலுக்கு அடியில குடுத்தேன்.”

டிரில் மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். நான் ஆவுடையப்பனின் தொடையை நறுக்கென்று கிள்ளினேன்.

“கிள்ளாதீரும் வே! மறுபடி ஓட ஆரம்பிச்சிரும்.”

அதற்கு மேல் நான் என்ன செய்ய? வண்டி மணல் குன்றுகள் நிறைந்த தேரிக்காட்டுக்குள் போய்விட்டது.

“தேரி மணல்ல சைக்கிள் போகாதும்பானுவ. நான் போனேன். டயர் சூட்டுல மணலே செவந்துட்டு.”

“தேரி எப்பவுமே செவப்புதான் அண்ணாச்சி.”

“நேத்து இருந்த செவப்பா அது? போய்ப் பாத்துட்டு வந்து பேசும்மா. அங்கன ஒரு பனையேறி, மரத்து உச்சியில நிக்கான். நான் போன காத்துல பனை வளைஞ்சு தரையைத் தொட்டுட்டு. அவன் பாட்டுக்கு இறங்கி வீட்டுக்கு நடந்துட்டான். கலயத்துல இருந்த பதனியை நான் இறங்காமலே குடிச்சேன். அப்புறம் மணப்பாடு. கலங்கரை விளக்கத்துப் படி பூராவும் சைக்கிள்லயே ஏறி, மேல ஒரு வட்டம்.”

“நாங்க அங்கனதானே நின்னோம்! ஒரு ஆளும் உங்களைப் பாக்கலையே?”

“அந்த வேகம் கண்ணுல படுமா?”

ரஞ்சிதம் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். “மண்டபத்து வாட்ச்மேன் வேற மாதிரில்லா சொல்லுதாரு. பகல் பூரா நீங்க விட்ட குறட்டையில அவருக்குத் தூக்கமே இல்லையாம்.”

ஆவுடையப்பன் அசரவில்லை. “அவரு சொல்லுதது சரிதான். அங்கேருந்து திரும்பையில ஒரு அழுத்து அழுத்துனேன் பாருங்க, நான் கிளம்புததுக்கு முந்தியே வந்து சேந்துட்டேன். எட்டிப் பாக்கேன், உள்ள நானே படுத்துக் குறட்டை விடுதேன். எழுப்ப மனசு வரல. வாட்ச்மேன் கேட்டது அந்தக் குறட்டை. அது கிளம்புததுக்கு முந்தின நான்.”

எல்லோரும் சிரித்து உருண்டோம். டிரில் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஆவுடையப்பன், நீரு சொன்னது அத்தனையும் நான் நம்புதேன் வே.”

ஆவுடையப்பன் பூரித்துப் போனார். பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

“அப்பம் நாளைக்கு நீரு வேன்ல வாரும்.”

அப்போதுதான் அவருக்குச் சட்டம் உறைத்தது. “சார், நான் எங்க போனேன்? படுத்த பாயை விட்டு எந்திக்கவே இல்ல, சாமி சத்தியமா! அவ்வளவும் புளுகு. வேணும்னா வாட்ச்மேன்கிட்ட கேளுங்க, நான் குறட்டை விட்டதுக்கு அவருதான் சாட்சி.”

“அது கிளம்புததுக்கு முந்தின நீருல்லா?” என்றார் டிரில் மாஸ்டர்.

மறுநாள் கொடிச் சைக்கிள் என் கைக்கு வந்தது. எனக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை, பாவமாகத்தான் இருந்தது. அஞ்சுகிராமத்து எல்லையில் மேளம் முழங்கியது. மச்சினன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வேன் பக்கம் போனான். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் பின்னாலேயே ஓடினேன்.

சோற்றுக் குண்டானுக்கும் டியூப் மூட்டைக்கும் நடுவில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். வியர்த்து ஊற்றியது. இரண்டு காலும் அந்தரத்தில் மிதித்துக்கொண்டிருந்தன.

“கொஞ்சம் பொறு மாப்ள,” என்றார் மூச்சு வாங்கியபடி. “இந்த வேன்ல டீசல் திருச்செந்தூர்லயே தீந்துட்டு.”