அரசி பெருந்தேவிக்கு ஏழு முகம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி வடகரை நாட்டைச் செண்டலங்காரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதுதான் சட்டம். காலையில் சொன்னதை மாலையில் மாற்றினால் அதுவும் சட்டம். பாவம், அவனுடைய ராணி பெருந்தேவி விஷக் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டாள்.

அவள் முகம் மறந்துபோய்விடுமோ என்று ராஜாவுக்குப் பயம். முதல் வருஷத் திதிக்குள் அவளைச் சித்திரமாக எழுதித் தரச் சொல்லி நாலு திசைக்கும் ஆள் அனுப்பினான். சீனத்திலிருந்து பட்டில் எழுதுகிறவர் வந்தார். யவன தேசத்திலிருந்து தேன்மெழுகில் வண்ணம் குழைக்கிறவர் வந்தார். பாரசீகம், ஈழம், கலிங்கம் என்று இன்னும் மூன்று பேர். ராணியைப் பார்த்திராதவர்கள், என்ன செய்வார்கள்? அரண்மனை ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.

உள்ளூரில் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருத்தி வேம்பி, சுவர்ச் சித்திரம் எழுதிப் பிழைக்கிறவள். இன்னொருவர் கச்சிராயர், சித்திர மண்டபத்து அதிகாரி. வேறு யாராவது நன்றாக எழுதிவிட்டால் அவருக்கு வயிறு எரியும்.

ஏழு படமும் கொலு மண்டபத்தில் ஏறின. ஆறு படத்தைப் பார்த்து ராஜா முகம் சுளித்தான். ஏழாவது கச்சிராயர் எழுதியது. தலை நிறைய மல்லிகை, கழுத்து நிறைய ஆரம், உதட்டில் சின்னச் சிரிப்பு.

"இவள்தான் என் பெருந்தேவி," என்று ராஜா கண்ணீர் விட்டான்.

அத்தோடு விட்டிருக்கலாம். கச்சிராயருக்கு மனசு அடங்கவில்லை. வேம்பியின் படத்தைக் காட்டினார். அதில் ராணிக்கு நகை இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், நெற்றியில் மூன்று கோடு.

"மகாராஜா, உங்கள் ராணியை இவள் பஞ்சத்தில் அடிபட்டவள் மாதிரி எழுதியிருக்கிறாள். இது அவமானம் இல்லாமல் வேறென்ன?"

ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. "திதியன்று அந்த ஆறு படத்தையும் கொளுத்துங்கள். அன்றைக்கே இவளுடைய வலது கைக் கட்டை விரலை வெட்டுங்கள்."

வேம்பி வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அந்த விரல் போனால் தூரிகை பிடிக்க முடியாது. தூரிகை பிடிக்காமல் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்று உள்ளுக்குள் அழுதாள். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

திதி நாள் காலையில் அவளை இரண்டு சேவகர்களுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மந்திரி ஆதனார் எழுந்தார். நிதானமாகப் பேசுகிற மனுஷர்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். ராணியம்மாளுக்குப் பூப்போட அரண்மனை ஆட்கள் வெளியே நிற்கிறார்கள். எது தங்கள் ராணி என்று அவரவருக்குத் தோன்றுகிறதோ, அந்தப் படத்தின் முன்னால் போடட்டும். அதற்கப்புறம் கொளுத்தலாம், வெட்டலாம்."

கச்சிராயர் சிரித்தார். "யானைப்பாகனுக்கும் அடுப்பு ஊதுகிறவளுக்கும் சித்திரத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. ராணியைத் தெரியும்."

"வரட்டும், பார்ப்போம். என் படத்தின் முன்னால் பூ குவியாவிட்டால் இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்."

"வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர், கச்சிராயரே," என்றார் மந்திரி. அவர் கேட்டால்தானே!

யானைப்பாகன் முதலில் வந்தான். நேராகச் சீனர் எழுதிய படத்தின் முன்னால் போய் நின்றான். "கரும்பு கொடுக்கும்போது அம்மா இப்படித்தான் பயந்து பயந்து கையை நீட்டுவாங்க," என்று சொல்லிப் பூவைப் போட்டான். தோட்டக்காரர் பாரசீகர் படத்துக்குப் போனார். ராணிக்குத் தலை வாரிவிட்ட தாதி, யவனர் எழுதிய முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இப்படி ஆளுக்கு ஒரு படம். கச்சிராயர் படத்தையும் எல்லாரும் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், தாண்டிப் போனார்கள்.

கடைசியாக மடைப்பள்ளிக் காத்தாயி வந்தாள். வேம்பியின் படத்தைப் பார்த்ததும் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுவா என் ராணி?" என்றான் ராஜா.

"ஆமாங்க மகராசா. நீங்க படையெடுத்துப் போன மூணு வருஷமும் இங்கே மழை இல்லை. அம்மாதான் கஞ்சித் தொட்டி வச்சு ஊருக்கே ஊத்தினாங்க. விடியுமுன்னே வந்து நிப்பாங்க. எல்லாரும் குடிச்சு மிஞ்சினாத்தான் அவங்களுக்கு. இதே முகம்தாங்க."

ராஜா வேம்பியைப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அந்த வரிசையில் நின்றவள், மகாராஜா. அந்த முகம்தான் எனக்குக் கஞ்சி ஊற்றியது. அதை மாற்றி எழுதக் கை வரவில்லை."

ராஜா திரும்பிக் கச்சிராயர் எழுதிய படத்தைப் பார்த்தான். பிறகு மந்திரியிடம், "நான் அழுத படத்தின் முன்னால் ஏன் ஒரு பூகூட இல்லை, ஆதனாரே?" என்றான்.

"வெளிதேசத்தார் ஆளுக்கு ஒருவரைக் கேட்டு எழுதினார்கள். சீனர் பாகனிடம் கேட்டார், யவனர் தாதியிடம் கேட்டார். கச்சிராயர் உங்களிடம் கேட்டார்."

"மேலே சொல்லும்."

"உங்களிடம் வரும்போது ராணி நகை பூட்டிக்கொண்டு சிரித்த முகமாக வருவார். அந்தப் படமும் பொய் இல்லை, மகாராஜா. ஆனால் அந்த முகம் உங்களுக்கு மட்டும் காட்டிய முகம்."

ராஜா எழுந்து வந்து, வேம்பியைப் பிடித்திருந்த சேவகர்களை விலகச் சொன்னான். "சித்திர மண்டபம் இனி உன் பொறுப்பு," என்றான். வேம்பி கட்டை விரலை மற்றொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"கச்சிராயரே, ஏழு படமும் இங்கேயே இருக்கும். ஊர் சனம் எல்லாரும் வந்து பார்க்கட்டும். நீர் வாசலில் நின்று விளக்கம் சொல்லும். உம்முடைய படத்தைக் காட்டிக் கேட்டால், ராஜாவுக்குத் தெரிந்த ராணி இவ்வளவுதான் என்று சொல்லும்."

கச்சிராயர் தலை நிமிரவில்லை. ராஜாவும் அவரைப் பார்க்கவில்லை. மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காத்தாயிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தான். இருபது வருஷம் ராணியோடு வாழ்ந்தவன், ஒரு சமையல்காரியிடம் கேட்டான்:

"காத்தாயி, அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்?"

காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.