கோதண்டர் ஓலையில் மாற்றிய ஒரு சொல்

வெகு காலத்துக்கு முன்னே கடம்பநாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவனுக்கு மந்திரியாக வாய்த்தவர் வேலாயுதர். பெயரில்தான் வேல். சுவரில் பல்லி கத்தினால்கூட மனிதர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பிறர் சொல்வதற்குள் தானே சொல்லிவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவர் எண்ணம்.

ஒருநாள் பக்கத்து நாடான மருங்கூரிலிருந்து கல்யாண ஓலை வந்தது. அழைக்கப்பட்ட அரசர்கள் வரிசையில் மகிபாலன் பெயர் கடைசியில் இருந்தது. ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சேனையை எல்லைக்கு அனுப்பினான். மருங்கூர்ச் சேனையும் எதிரே வந்து நின்றது.

வேலாயுதருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லையில் நின்றவர்களில் பாதிப்பேர் அறுவடையைப் போட்டுவிட்டு வந்த இளவட்டங்கள். போர் வேண்டாம், கொல்லாமையே பெரிய வீரம் என்று நீளமாக ஓர் ஓலை எழுதி ராஜாவிடம் கொடுத்தார்.

அவையில் கோதண்டர் என்று ஒருவர் இருந்தார். பேச்சில் வல்லவர், மந்திரி பதவிமேல் நெடுநாளாக அவருக்கு ஒரு கண். போரை ஆதரித்து அவரும் ஓர் ஓலை எழுதிவந்து, கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்படி வாசித்தார். முடித்ததும், "மந்திரியார் எழுதியது கருணை அல்ல அரசே, பயம். பயத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி அவைக்கு அழைத்து வந்திருக்கிறார்," என்றார்.

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நாளைக்கு இரண்டு ஓலையையும் அலசிப் பார்ப்போம். எது பயத்தில் எழுதியதோ, அதை எழுதியவருக்குப் பதவி இல்லை. மற்றவர் சொன்னபடி நடக்கும்," என்றான்.

வேலாயுதர் வீட்டுக்குப் போய்த் தம் ஓலையை மறுபடி படித்தார். கோதண்டர் சொன்னது பொய்யில்லை. காது மடல் சூடாகிவிட்டது. மறைக்கப் பார்த்தால் இன்னும் கேவலம் என்று தோன்றியது.

மறுநாள் அவையில் அவர் முந்திக்கொண்டு தம் ஓலையைத் தாமே அலசிக் காட்டினார். "தொடக்கத்தில் மன்னரைக் கருணைக்கடல் என்றிருக்கிறேன். அது என் தலை தப்பவேண்டுமே என்ற பயம். பிறகு முன்னோர் சொன்னார்கள், முனிவர் சொன்னார்கள் என்று அடுக்கியிருக்கிறேன். நான் சொல்கிறேன் என்று சொல்லத் தைரியமில்லை. எறும்பும் ஓர் உயிரல்லவா என்று உருகியிருக்கிறேனே, அந்த வரியை எழுதும்போதுதான் காலைக் கடித்த எறும்பை நசுக்கினேன்."

அவை சிரித்தது. கோதண்டர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

"எல்லாவற்றையும் நீரே தள்ளிவிட்டால் மிச்சம் என்ன?" என்று கேட்டான் ராஜா.

"ஒரு வரி, அரசே. எல்லையில் நிற்கும் பிள்ளைகள் வீடு திரும்பவேண்டும். அதுவும் பயம்தான். ஆனால் எனக்காகப் பட்ட பயம் இல்லை."

பிறகு ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார். கோதண்டர் தம் ஓலையை மறுபடி வாசிக்கவேண்டும்; 'வீரர்கள்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிக்கொண்டால் போதும்.

கோதண்டர் உற்சாகமாகத் தொடங்கினார். "வெற்றியை நாம் கொண்டாடுவோம்" என்ற வரி கணீரென்று வந்தது. "எதிரியின் ஈட்டியை நான் மார்பில் ஏற்பேன்" என்றபோது குரல் இறங்கியது. "யானைக்காலில் நான்..." என்று தொடங்கிச் செருமினார். அடுத்த வரியில் கழுகுகள் வந்தன. வெளிச்சம் போதவில்லை என்று ஓலையை மடித்துவிட்டார். அப்போது உச்சிவெயில்.

"வெல்லும் இடமெல்லாம் நாம், சாகும் இடமெல்லாம் வீரர்கள்," என்றார் வேலாயுதர். "என் பயம் வெளியே தெரிகிறது, அரசே. இவர் பயம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது."

ராஜா அந்த ஓலையை வாங்கி, உதடு மட்டும் அசைய ஒரு வரி படித்தான். அவனும் 'நான்' போட்டுத்தான் படித்திருக்கவேண்டும். சட்டென்று கீழே வைத்தான். கல்யாண ஓலையில் பேர் கீழே வந்ததற்கா இவ்வளவு என்று அசடு வழியச் சிரித்தான். சேனையைத் திருப்பச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி வேலாயுதர் கழுத்தில் போட்டான். போட்ட கையோடு, "கொல்லாமை பெரிய வீரம் என்று எழுதியவர் நீர்தானே? ஆயுதமில்லாமல் மருங்கூருக்குப் போய், போர் வேண்டாமென்று நீரே சொல்லிவாரும். கல்யாணச் சீரைக் கோதண்டர் சுமந்துவரட்டும்," என்றான்.

வேலாயுதர் இதை எதிர்பார்க்கவில்லை. அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாமே என்று வழியெல்லாம் நொந்துகொண்டார். மருங்கூர்ச் சேனைக்கு நடுவே, வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டியபடியே நடந்தார். பின்னால் கோதண்டர் தலையில் இருந்த தாம்பாளம் கடகடவென்று ஆடியது.

நல்லபடியாகத் திரும்பி வந்தவரிடம், என்ன வாதம் செய்து மருங்கூராரை மடக்கினீர் என்று ராஜா ஆவலோடு கேட்டான்.

"வாதமெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன், அரசே. நடுக்கத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் அவையில் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். தம் அவையிலும் அப்படித்தான் என்றார் மருங்கூர் அரசர். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? இலை போட்டார்கள், உட்கார்ந்துவிட்டோம்."