பனை தன் வைரத்தை வெளியே தள்ளிய கதை

மரமும் குருவியும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், பனைக்கும் நாலாபக்கமும் கிளை உண்டு. எல்லா மரத்தையும்போல அதற்கும் வைரம், அதாவது கறுத்து இறுகிய கெட்டிக்கட்டை, நடு வயிற்றில்தான் இருந்தது.

அதன் உச்சிக் கிளையில் ஒரு தூக்கணாங்குருவி குடியிருந்தது. கூட்டுக்குள் இறகு முளைக்காத குஞ்சுகள்.

ஒரு கோடையில் மேற்கே புகை எழுந்தது. காட்டுத்தீ! மான் ஓடிற்று, முயல் ஓடிற்று. குருவிக்கு இறக்கை இருந்தது, குஞ்சுகளுக்கு இல்லையே.

"எதுக்குடி பதறுறே?" என்றது பக்கத்து வேலமரம். "என் வைரத்தில் கோடாலியே பல்லுடையும். தீ என்ன செய்யும்?"

குருவி பறந்துபோய்ப் பார்த்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பியது. "வேலண்ணே, தீ போன இடத்தில் வைரம் எல்லாம் நிக்குது. மரம்தான் செத்துப்போச்சு. பட்டையும் அதை ஒட்டின ஈரக்கட்டையும் எரிஞ்சுட்டா, வேர் உறிஞ்சுற தண்ணி எது வழியா மேலே ஏறும்? பானையை வாசல்ல வச்சிட்டுக் கதவை அடுப்படியில மாட்டின கதையால்ல இருக்கு!"

"கொசு உயரம் இல்லை, பேச்சைப் பாரு!" வேலமரம் சிரித்தது.

பனை சிரிக்கவில்லை. அனல் பட்டு அதன் தழை சுருளத் தொடங்கியிருந்தது.

"நான் என்னடி செய்யணும்?"

"வைரத்தை வெளியே தள்ளுக்கா. ஈரக்கட்டையை உள்ளே இழுத்துக்கோ. கிளையையெல்லாம் உதிர்த்துடு. தீ அதைப் பிடிச்சுத்தான் ஏறுது."

"வெளியே வந்த வைரம் திரும்ப உள்ளே போகாது, தெரியுமா? அப்புறம் நான் பருக்கவே மாட்டேன். கிளை போனால் மறுபடி துளிர்க்க மொட்டும் இருக்காது."

குருவி தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. தன் பிள்ளைக்காக இன்னொருத்தியின் உடம்பைக் கேட்பதா? "உன் இஷ்டம்க்கா," என்று கூட்டுக்குள் போய்க் குஞ்சுகள்மேல் இறக்கையை விரித்து உட்கார்ந்துகொண்டது.

வேலமரம் பற்றிக்கொண்டது. கூட்டுக்குள் புகை நுழைந்தது. அப்போது பனை அடிமுதல் நுனிவரை முறுகிற்று. கிளைகள் ஒவ்வொன்றாகத் தடதடவென்று விழுந்தன. அடுத்தது நம் கிளைதான் என்று குருவி கண்ணை மூடிக்கொண்டது. எல்லாக் கிளையையும் உதிர்க்கச் சொன்னது அதுதானே!

கிளை விழவில்லை.

"இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்," என்றது பனை, பல்லைக் கடித்துக்கொண்டு.

தீ வந்தது. கருங்கல் போன்ற அடிமரத்தை நக்கிப் பார்த்தது. பிடித்து ஏற ஒன்றும் இல்லாமல் வழுக்கி விழுந்து, கிழக்கே போய்விட்டது. புகை அடங்கியபோது வேலமரத்தில் வைரம் மட்டும் கரியாய் நின்றது. குஞ்சுகளோ பசிக்குக் கத்தின.

அன்று முதல்தான் பனைக்கு வெளியே வைரம், உள்ளே பஞ்சு. அது பருப்பதில்லை, கிளைப்பதில்லை. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனையின் தலையைக் கொய்தால் அதோடு சரி. இருப்பது அன்று குருவிக்காக விட்டுவைத்த அந்த ஒரு தலைதான். சுற்றிலும் எத்தனை மரம் தழைத்து நின்றாலும், தூக்கணாங்குருவி இன்றும் தேடிப்போய்க் கூட்டைத் தொங்கவிடுவது அதில்தான்.