தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியர்

"வண்டி என்னை ஏமாத்திடுச்சு, டீச்சரம்மா" என்றார் தணிகாசலம்.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்தொன்று.

அவர் டீச்சரம்மா என்று கூப்பிட்ட மைமூனுக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் இறந்த பிறகு அவருடைய லாரியைத் தானே எடுத்து, ஒன்பது வருடம் பெங்களூருக்கும் சேலத்துக்கும் ஓட்டியவர். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார். தணிகாசலம் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றது அவரிடம்தான்.

என்ன நடந்தது என்று மைமூன் கேட்டார்.

தணிகாசலம் சொன்னார். புதுக் காரில் குரூஸ் கன்ட்ரோல் இருந்தது. வேகத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் போகும். அதைப் பார்த்து அவர் மயங்கிப்போயிருந்தார். மனைவி கனகவல்லிக்குக் கண்ணில் ஊசி போட மாதம் ஒருமுறை சேலம் போக வேண்டும். போன வாரம் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஐம்பதில் வைத்திருந்தார். முள் ஐம்பதில் நிற்கவில்லை. அறுபதைத் தாண்டி ஏறியது. எழுபதில் பயந்து பிரேக்கை மிதித்தவர், அடிவாரம் வரை காலை எடுக்கவேயில்லை. பாதி வழியில் பிரேக் சூடேறிப் பஞ்சுபோல உள்ளே போனது. முன்னால் போன டேங்கர் லாரிக்கு ஒரு முழம் தள்ளி எப்படியோ வண்டி நின்றது. சக்கரத்திலிருந்து புகை வந்தது.

கனகவல்லி இறங்கினார். சாலையோரம் நடந்துபோய் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.

திரும்பி வரும்போதும் பஸ்தான். ஒரு கண்ணில் கட்டோடு, நின்றுகொண்டே.

"ஐம்பதுன்னு சொன்னேன். அது ஏன் கேக்கலை?"

மைமூன் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

ஊரைத் தாண்டியதும் சமமான நெடுஞ்சாலை. குரூஸைப் போடச் சொன்னார். போட்டார். மேடு போல ஓர் இடம் வந்தது, முள் ஐம்பதிலேயே நின்றது. எதிர்க்காற்று அடித்தது, அப்போதும் ஐம்பது.

மைமூன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஒன்பது வருஷம் லாரி ஓட்டின என் காலுக்கு இந்த நிதானம் வரலை, சார்."

தணிகாசலத்துக்கு அது பிடித்திருந்தது. தன் பிள்ளையைப் புகழ்ந்ததுபோல முகம் மலர்ந்தது.

இறக்கம் தொடங்கியது. எதையும் தொட வேண்டாம் என்றார் மைமூன்.

ஐம்பத்தாறு. அறுபத்திரண்டு.

"வேகத்தைக் குறைக்க இதுக்கு என்ன தெரியும்?"

"ஆக்ஸிலரேட்டரை விடத் தெரியும்."

"விட்டுடுச்சா?"

"முழுக்க விட்டுடுச்சு."

"அப்ப யாரு தள்ளுறாங்க?"

முப்பத்தொரு வருடம் புவியீர்ப்பு விசையைப் பற்றிப் பாடம் எடுத்தவர், கண்ணாடிக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

அறுபத்தேழு.

பிரேக்கை ஒருமுறை அழுத்திவிட்டு மூன்றாவது கியருக்கு வரச் சொன்னார் மைமூன். வந்தார். இன்ஜின் அலறியது. உடைந்துவிட்டது என்று நினைத்தார் தணிகாசலம். உடையவில்லை. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல வண்டி அடங்கியது. நாற்பத்தைந்துக்கு வந்து அங்கேயே நின்றது முள். இரண்டு காலும் தரையில் இருந்தன.

அவரால் நம்ப முடியவில்லை. இத்தனை நாள் தன்னை முன்னால் கொண்டுபோன அதே இன்ஜின்தானே இப்போது பிடித்துக்கொண்டு வருகிறது என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவர் கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போனது.

"அவருக்கு அவசரம், சார். போகட்டும்."

பஸ் கடந்து போனது.

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி மறுபடி மேலே போகச் சொன்னார் மைமூன்.

இரண்டாம் முறை தணிகாசலம் தயாராக இருந்தார். இறக்கத்தில் முள் ஐம்பத்தைந்தைத் தொட்டதும் மூன்றாவது கியருக்குத் தள்ளினார். வண்டி குலுங்கியது, மைமூனின் தலை முன்னால் போய்வந்தது. ஆனால் வேகம் அடங்கிவிட்டது. சரிதானே என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"எப்ப மாத்தினீங்க?"

"வேகம் ஏறினதும்."

"அப்ப முந்திக்கிட்டது யாரு? நீங்களா, இறக்கமா?"

அடிவாரம் வந்ததும் அவர் தானாகவே வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே போனார்.

மூன்றாம் முறை, சாலை இன்னும் சமமாக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்தார். கியரை மாற்றினார். பிறகு குரூஸ் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கினார். அணைத்துவிட்டால் அவ்வளவு அருமையான ஒன்றை அவமதித்ததுபோல ஆகுமோ என்று ஒரு நினைப்பு.

"அதுக்கு இங்க வேலை இல்லை. சமதரை வந்ததும் கூப்பிட்டுக்கலாம்" என்றார் மைமூன்.

அணைத்தார்.

அடுத்த மாதம் ஊசி போடும் நாள் வந்தது. கனகவல்லி பஸ்ஸில்தான் போவேன் என்றார். டீச்சரம்மாவும் கூட வருவதாகக் கணவர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். பின்சீட்டில் ஏறி, கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மைமூன் முன்சீட்டில் தணிகாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கணவாய் நெருங்கியது. குரூஸை அணைத்து, மூன்றாவது கியருக்கு வந்து, இறக்கத்துக்குள் நுழைந்தார் தணிகாசலம். இன்ஜின் கனமாக உறுமிக்கொண்டே வந்தது. நாற்பத்தைந்து. ஓரமாக ஒரு லாரி நின்றது. புகைந்துகொண்டிருந்த அதன் சக்கரத்தில் ஒருவர் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

முன்னே ஒரு வளைவு, அதற்கப்புறம் இறக்கம் இன்னும் செங்குத்து. வண்டிகள் மெதுவாக ஊர்ந்தன.

"டீச்சரம்மா, இங்க ரெண்டாவதுக்கு வரணுமா?"

பதில் இல்லை.

மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்க முடியாது, சாலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு கணம்தான் யோசித்தார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியருக்கு வந்தார். ஒரு குலுக்கலும் இல்லை. வண்டி வளைந்து, முன்னால் போன லாரிக்குப் பின்னே நல்ல இடைவெளி விட்டு, சாவகாசமாக இறங்கியது.

கனகவல்லி எட்டி முன்சீட்டைப் பார்த்தார்.

மைமூன் ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கனகவல்லி சற்று நேரம் அந்த முகத்தையே பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.