நின்றாளா, நின்றுவிட்டாளா?

சேம்பங்குளத்தின் கரையில் முள்ளாயி என்று ஒரு முள்ளம்பன்றி வேலை பார்த்துவந்தாள். அந்தக் காட்டுக்கே ஒரே குளம் அதுதான். கோடையில் மான், மயில், காட்டெருமை எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும். அதனால் மழை தொடங்குமுன் கரையைப் பலப்படுத்துவது பெரிய வேலை. நண்டு தோண்டிய வளைகளை மண் போட்டு அடைக்க வேண்டும். அரித்துப்போன இடத்தில் கல் பதிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு மேஸ்திரி ஒரு நரி. அவன் ஒரு பிடி மண்ணைத் தூக்கிப் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் யார் எவ்வளவு தூக்கினார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்!

கரையில் வேலை செய்கிறவர்களுக்குப் பொதுக் குவியலிலிருந்து கிழங்கு உண்டு. மேட்டில் ஆளுக்கொரு வளையும் உண்டு. மழை எப்படிக் கொட்டினாலும் அந்த வளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. செந்நாய்களும் அந்தப் பக்கம் தலைகாட்டாது.

முள்ளாயி நாலு வருஷமாக அங்கே மண் தோண்டினாள். சும்மா சொல்லக்கூடாது, தோண்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்றவர்கள் ஒரு குழி போடுவதற்குள் அவள் மூன்று போட்டுவிட்டு, முள்ளைச் சிலிர்த்து மண்ணை உதறிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் அவள் வயிற்றில் குட்டி உண்டானது. மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. வயிறு கனத்ததும் நேராக நரியிடம் போனாள்.

"மேஸ்திரி, நான் முழுகாம இருக்கேன். கொஞ்ச நாளைக்கு மண்ணை மிதிச்சுக் கெட்டிப்படுத்துற வேலையைக் கொடுங்க. குட்டி பிறந்து தேறினதும் பழையபடி தோண்ட வந்துடுறேன்" என்றாள்.

நரிக்கு வாயெல்லாம் பல். "அடடா, நல்ல சேதியாச்சே! உனக்கு இல்லாததா? நான் பார்த்துக்கறேன், போ!" என்றான்.

பாவம், அவள் நம்பினாள். நரியின் மனசுக்குள் ஓடிய கணக்கே வேறு. அவனுடைய மைத்துனன் ஒருவன், சோம்பேறிகளுக்கெல்லாம் சோம்பேறி, மழைக்கு முன் தனக்கு ஒரு வளை வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். முள்ளாயி போய்விட்டால் அவளுடைய வளை காலி!

ஆனால் அவளைப் போகச் சொல்ல நரியால் முடியாது. நாவல்மரத்தடிச் சபையில் எல்லா விலங்குகளும் கூடிச் செய்த விதி ஒன்று இருந்தது. வயிற்றில் குட்டி உள்ளவளை வேலையைவிட்டு நீக்கக் கூடாது. அவளுக்குப் பளுவான வேலை தரக் கூடாது. குட்டி பிறந்து அவள் திரும்பி வரும்வரை அவளுடைய இடமும் வளையும் அவளுக்கே. தானாக வேலையைவிட்டு நின்றவளுக்கு மட்டும் இதெல்லாம் கிடையாது. மேஸ்திரி என்பதால் நரிக்கு இந்த விதி தலைகீழ்ப் பாடம். முள்ளாயிக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் நரி அவளுக்குக் கொடுத்த வேலை, பள்ளத்திலிருந்து கரைமேல் கல் உருட்டுவது. அவள் மிதிக்கும் வேலையை நினைவுபடுத்தினாள். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கு. நீ கெட்டிக்காரியாச்சே, உன்னை விட்டா யாரு?" என்று நரி தேன் தடவிப் பேசினான். மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான் என்று அவள் கல்லை உருட்டினாள். ஒரு வாரம் உருட்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. வயிற்றுக்குள் குட்டி உதைத்தால் மட்டும் வலியை மறந்து சிரிப்பாள்.

ஒருநாள் உச்சி வெயில். பாதி மேட்டில் அவளுக்குத் தலை சுற்றியது. கல்லை ஒரு வேரில் அணைத்துவைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"என்னால முடியல மேஸ்திரி. நான் நின்னுக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் நின்று இளைப்பாறிக்கொள்கிறேன் என்பதுதான் அவள் மனசில் இருந்தது. 'கொஞ்ச நேரம்' என்பதைச் சொல்லத்தான் மூச்சு வரவில்லை.

நரியின் காதுகள் விறைத்தன. "என்ன, நின்னுக்கிறியா?"

"ஆமா மேஸ்திரி."

"எல்லாரும் கேட்டுக்கோங்கப்பா! முள்ளாயி நின்னுக்கிறாளாம். அவ வாயாலேயே சொல்லிட்டா!" என்று நரி கரை முழுக்கக் கேட்கும்படி கூவினான்.

இளைப்பாறுவதற்குப் போய் இவ்வளவு தடபுடலா என்று முள்ளாயிக்குக் கூச்சமாக இருந்தது. புங்கமர நிழலில் நின்றாள். நாலு வாய் தண்ணீர் குடித்தாள். படபடப்பு அடங்கியதும் திரும்பிவந்து அதே கல்லை உருட்டினாள். பொழுது சாயும்வரை உருட்டினாள். நரி மீசையை நீவிக்கொண்டு பார்த்தானே தவிர, அவளைத் தடுக்கவில்லை.

வேலை முடிந்து வளைக்குப் போனால், உள்ளேயிருந்து ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நரியின் மைத்துனன் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்!

அவள் நரியிடம் ஓடினாள். "நீதான் வேலையை விட்டு நின்னுட்டியே, இனி வளை எதுக்கு?" என்றான் நரி. அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் உன்னை நீக்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய், ஊரே சாட்சி என்று கையை விரித்துவிட்டான்.

மேற்கே மேகம் திரண்டிருந்தது. எந்த நேரமும் குட்டி பிறக்கலாம். வெட்டவெளியில், மழையில், செந்நாய்களுக்கு நடுவே எங்கே கொண்டுபோய்ப் பெறுவது? இந்தப் பாழாய்ப்போன நாக்கு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று முள்ளாயி தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போது கூட வேலை செய்யும் உடும்பு ஒருவன், இருபக்கமும் பார்த்துக்கொண்டு மெல்ல ஊர்ந்து வந்தான். சபை விதியை முழுக்க அவளிடம் சொன்னான். அவளுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. அப்புறம் சுரீரென்று கோபம் வந்தது.

"இவ்வளவு நாளா தெரிஞ்சும் ஏன் தம்பி சொல்லல?"

உடும்பு தலையைத் தொங்கப்போட்டான். "மேஸ்திரிக்குத் தெரிஞ்சா என் பிழைப்பு போயிடும் அக்கா."

நாளைக்குச் சபையில் வந்து சாட்சி சொல்வாயா என்று கேட்டாள். அவன் புதருக்குள் நழுவினான். அன்று ராத்திரி அவள் புங்கமரத்தடியில் கண் மூடாமல் கிடந்தாள்.

விடிந்ததும் தனியாகவே நாவல்மரத்தடிக்கு நடந்தாள். நாலடிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். சபைத் தலைவி ஒரு யானை. பூவாத்தா என்று பெயர். அவள் முள்ளாயியை உட்காரவைத்து, இலை நிறையத் தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நரிக்கும் கரை ஆட்களுக்கும் ஆள் அனுப்பினாள்.

நரி பதறவே இல்லை. "நின்னுக்கிறேன்னு இவதான் சொன்னா. கரையே கேட்டுச்சு தலைவியம்மா. தானா நின்னவளுக்கு வளை இல்லைன்னு நம்ம விதியே சொல்லுது" என்று பணிவாகச் சொன்னான்.

அவள் அப்படிச் சொன்னது உண்மையா என்று பூவாத்தா கூட்டத்தைக் கேட்டாள். எல்லாரும் கேட்டதுதான். ஆமாம் என்று முனகினார்கள்.

"சொன்னதுக்கு அப்புறம் என்ன செஞ்சா?" என்று பூவாத்தா கேட்டாள்.

நரி ஒவ்வொருவராக முறைத்துக்கொண்டு வந்தான். முயல் குனிந்துகொண்டாள். கீரி திரும்பிக்கொண்டான். கடைசியில் பின்வரிசையிலிருந்து உடும்பு முன்னால் வந்தான். நரியை ஏறிட்டுப் பார்க்காமல் பேசினான்.

"புங்கமரத்தடியில நின்னாங்க. தண்ணி குடிச்சாங்க. அப்புறம் பொழுது சாயறவரைக்கும் கல் உருட்டினாங்க. மேஸ்திரி பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு. வேலையை விட்டு நின்னவங்க எதுக்குத் திரும்பி வந்து கல்லை உருட்டணும்?"

நரி திருதிருவென்று விழித்தான். "அது... அவ ஏதோ ஆசையா உருட்டினா" என்று வழிந்தான்.

பூவாத்தாவின் தும்பிக்கை தரையில் ஓங்கி விழுந்தது. "நின்னாளா, நின்னுட்டாளா, அது அப்புறம் இருக்கட்டும். வயித்துல குட்டி இருக்கறவளைக் கல் உருட்ட விட்டது யாரு? முடியாத வேலையை நீயே கொடுத்து, முடியலன்னு அவ வாயால வரவழைச்சு, தானா போனான்னு சொல்லுவியா? நான் இருபத்திரண்டு மாசம் சுமந்தவ. என்கிட்டயா கதை அளக்கற?"

பிறகு முள்ளாயியைப் பார்த்து, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டாள்.

முள்ளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "யார் தயவும் வேணாம் தலைவியம்மா. என் வளை வேணும். திரும்பி வரும்போது என் வேலை வேணும்" என்றாள்.

அப்படியே தீர்ப்பானது. சாட்சி சொன்ன உடும்பின் வாலில் ஒரு தூசுகூட விழக் கூடாது என்றும் பூவாத்தா எச்சரித்தாள். இதோடு நரியை அவள் விடவில்லை. இனி ஒவ்வொரு மாதமும் முதல் நாள் காலையில், வேலை தொடங்குமுன், சபை விதியைக் கரையில் நின்று அவன் வாயாலேயே உரக்கச் சொல்ல வேண்டும் என்றாள். மைத்துனனை வளையிலிருந்து எழுப்பத்தான் நான்கு பேர் தேவைப்பட்டார்கள்!

அன்றைக்கு மூன்றாம் நாள் மழை கொட்டியது. முள்ளாயி காய்ந்த வளைக்குள் இரண்டு குட்டிகள் ஈன்றாள். வெளியே இடி இடிக்க, உள்ளே குட்டிகள் பால் குடித்துவிட்டுத் தூங்கின. அவளுடைய பங்குக் கிழங்கை உடும்பு தினமும் வாசலில் கொண்டுவந்து வைத்தான்.

அடுத்த மாதம் முதல் நாள் நரி கரைமேல் ஏறினான். முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரும் வரிசையாக நிற்க, விதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கச் சொல்லி முடித்தான். குட்டிகளை மடியில் அணைத்தபடி முள்ளாயி வளை வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து முயல் ஒரு காலைத் தூக்கினாள். வயிறு தெரியாமலிருக்கச் சில நாளாக அதைச் சுற்றி அவள் இறுக்கிக் கட்டியிருந்த இலைகளை மெல்ல அவிழ்த்தாள்.

"மேஸ்திரி, அப்படின்னா நானும் ஒரு சேதி சொல்லணும்" என்றாள்.

கருவுற்றவளின் வேலையைக் காப்பது யாரோ காட்டும் கருணை இல்லை, அவளுக்கு உரியது. அதை அவள் காதில் விழும்படி எடுத்துச் சொல்வது கூட வேலை செய்யும் ஒவ்வொருவரின் கடமை.